தியலும உச்சியில் படுக்க ஓர் இடம்

அருவியின் தலைமாட்டில் டென்ட் போட்டுப் படுத்தால் அருவி கண்ணில் படாது. தியலுமவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இது மேலே ஏறிய பிறகுதான் உறைக்கிறது. 220 மீட்டர் கீழே போய் விழுகிற தண்ணீரின் இரைச்சல் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடும். மேலே கேட்பது, ஓடை சின்னச் சின்னப் பாறைப் படிகளில் இறங்கி வருகிற சலசலப்புதான். முழு அருவியையும் பார்க்க வேண்டுமென்றால் கீழே தார்ச் சாலையில் பாலத்தருகே நிற்க வேண்டும். அருவியின் தண்ணீரோடு ஓர் இரவு இருக்க வேண்டுமென்றால் மேலே போக வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது. இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் யோசிக்காமல் மேலே என்பேன்.

இலங்கையின் உயரமான அருவி பம்பரகந்த, 263 மீட்டர். அடுத்தது தியலும. இரண்டுமே ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. மலைநாட்டின் தென் விளிம்பு இங்கே சரிவாக இறங்காமல், வெட்டியதுபோல் சமவெளியை நோக்கி விழுகிறது. அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கித் தெற்குப் பக்கம் திரும்பினால் பூமி சட்டென்று முடிந்துவிட்டதுபோல் இருக்கும். மேலே தேயிலையும் குளிரும். கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காலுக்குக் கீழே, வெல்லவாயப் பக்கத்து வெக்கையும் வயல்களும் குளங்களும். பூனாகலை ஓயா என்கிற ஓடை அந்த விளிம்புக்கு வந்து, வேறு வழியில்லாமல் குதிக்கிறது; அதுதான் தியலும. குதித்த தண்ணீர் கிரிந்தி ஓயாவில் கலந்து, லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தை நிறைத்து, அம்பாந்தோட்டைக் கரையில் கடலுக்குப் போகிறது. தெற்கின் வறண்ட வயல்களுக்குப் பாய்வதில் ஒரு பங்கு தேயிலை மலைத் தண்ணீர்.

அப்புத்தளையிலிருந்து வெல்லவாய பஸ். பெரகலையில் ஏ-4 சாலையைப் பிடித்து, ஹல்துமுல்லைப் பக்கம் போகாமல் கிழக்கே திரும்பி, கொஸ்லாந்தை வழியாக இறங்குகிறது. சாரதிக்கு அந்த வளைவுகள் மனப்பாடம். பிரயாணிகளுக்கு வயிறு அப்படியில்லை. கொஸ்லாந்தை தாண்டி ஆறேழு கிலோமீட்டரில் ஒரு வளைவு திரும்பியதும் இடப்பக்கம் தியலும நிற்கும். நல்ல தண்ணீர்க் காலத்தில் வெள்ளைச் சுவர். கோடையில் பாறைமேல் இரண்டு மூன்று நூல். நான் போனது பங்குனித் தொடக்கம். இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. சாலையோரக் கடையில் சோளப்பொத்தி அவிந்துகொண்டிருந்தது. குரங்குகளுக்கு அந்தக் கடையின் வியாபார நேரம் கடைக்காரரைவிட நன்றாகத் தெரியும்.

கீழிருந்து நேரே ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. மூட்டை முடிச்சோடு போகிறவர்களுக்கு அது வேண்டாம். பூனாகலைச் சாலையில் ஓட்டோ பிடித்து மலையைச் சுற்றிப் பின்பக்கமாக வந்துவிட்டால், மிச்சம் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற இறக்கம்தான். வழிகாட்டியாக வந்த தம்பி பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா கவ்வாத்துக்குப் போகிறார். இவர் இரண்டுக்கும் போகவில்லை. கொழும்பில் ஒரு கடையில் கொஞ்ச காலம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, இப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் கொழும்புப் பிள்ளைகளையும் மேலே கூட்டிப் போகிறார். என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "நீங்க இந்தியாவுல எந்த ஊருண்ணே?" திருநெல்வேலி என்றதும், "எங்க பாட்டி ஆளுக திருச்சிப் பக்கம்ண்ணே. எந்த ஊருன்னு கேக்கறதுக்கு இப்ப ஆளில்ல" என்றார். மலையகத்தில் தமிழ்நாட்டுக்காரன் எங்கே போனாலும் இந்தப் பேச்சு வரும். வரும்போது பதில் சொல்ல ஒன்றும் இருக்காது.

பாதை முழுக்க மானாப்புல். ஆளை மறைக்கிற உயரம், கையைக் கீறுகிற ஓரம், கசக்கினால் எலுமிச்சை வாசம். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் இதுதான் பயிர் மாதிரி நிற்கிறது. மழைக்காலமாக இருந்தால் இதற்குள் அட்டை கணக்கில்லாமல் இருக்கும் என்று தம்பி சொன்னார். காலுறைக்குமேல் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் ஏறாதாம். புல் விலகி, பாறை தொடங்கி, சத்தம் மாறுகிற இடத்தில் மேல் தியலும.

கறுத்த பாறைத் தளம். ஓயா அதில் ஒரே ஓட்டமாக ஓடாமல், தட்டுத் தட்டாக இறங்குகிறது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு மடு. சில மடுக்கள் இடுப்பளவு, சில ஆளை விழுங்கும். அவற்றின் ஓரம் உளி வைத்துச் செதுக்கியதுபோல் வட்டமாக இருக்கிறது. ஆழமில்லாத ஒன்றில் கையை விட்டுத் துழாவினேன். அடியில் கோழி முட்டை அளவில், எலுமிச்சங்காய் அளவில், வழுவழுவென்று கற்கள். செதுக்கியது அவைதான். வெள்ளக் காலத்தில் தண்ணீர் சுழலும்போது குழியில் மாட்டிக்கொண்ட கல்லும் கூடச் சுழல்கிறது. சுழன்று பாறையையும் அரைத்துத் தானும் உருண்டையாகிறது. குழி பெரிதாகப் பெரிதாக இன்னும் பெரிய கற்கள் வந்து விழுகின்றன. கருங்கல்லில் ஓர் ஆள் நீந்துகிற அளவுக்குத் தொட்டி குடைய எத்தனை ஆயிரம் மழைக்காலம் ஆகியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு அதில் இறங்கினால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் குளிரும்.

விளிம்பில் இருக்கிற மடுதான் பிரபலம். அதில் கழுத்தளவு நின்று, தண்ணீர் வானத்தில் முடிவதுபோல் படம் எடுக்கிறார்கள். அந்த இடத்தில் பாறைமேல் பச்சைப் பாசி ஒரு தோல் மாதிரி படர்ந்திருக்கிறது. காய்ந்த பாறைக்கும் பாசிப் பாறைக்கும் நடுவில் ஒரு கைமுழம்தான் இடைவெளி. இங்கே வழுக்கி விழுந்து செத்தவர்கள் உண்டு. வேலி கிடையாது. வேலி போட்டிருந்தால் அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பார்கள் என்பதும் உண்மை.

டென்ட்டை எங்கே போடுவது என்பதில் எனக்கும் தம்பிக்கும் கொஞ்சம் வாக்குவாதம். நான் காட்டியது தண்ணீரை ஒட்டிய ஒரு பாறைத் தட்டு: சமதளம், காய்ந்திருக்கிறது, கால் நீட்டினால் ஓடை. அவர் தலையை ஆட்டினார். "இந்தக் கல்லு ஏன் இவ்வளவு சுத்தமா இருக்குன்னு பாருங்கண்ணே." பார்த்தேன். பக்கத்துப் பாறைகளில் சருகும் மண்ணும் பூஞ்சைப் புள்ளியும் இருந்தன, இதில் ஒன்றுமில்லை. அடுத்ததாக, நாலடி மேலே ஒரு புதரைக் காட்டினார். அதன் வேரில் காய்ந்த இலையும், ஒரு பிஸ்கட் உறையும், கிழிந்த உரப்பைத் துண்டும் சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, ஓடை போகும் திசையில் சாய்ந்திருந்தன. வெள்ளம் கடைசியாக வந்தபோது அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. நான் காட்டிய தட்டைக் கழுவி வைத்ததும் அதுவே.

"மழை இங்க பேய வேணாம்ண்ணே. மேல தோட்டத்துல பேஞ்சா போதும். நம்மளுக்கு நெலா காயும், தண்ணி வந்துரும்."

இது திருநெல்வேலிக்காரனுக்குப் புதிதல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் திடீரென்று காட்டாறு பாய்ந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குற்றாலத்தில் நாம் அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்து நிற்கிறோம். எண்ணெய் தேய்த்து, குளித்து, பிரானூரில் பரோட்டா சாப்பிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ராத்தங்கல் என்றால் லாட்ஜ். அருவிக்கரையில் படுக்கிற பழக்கம் நம் ஊரில் அநேகமாக இல்லை. இருக்கிற அருவிகளும் வனத்துறையின் கையில், பொழுது சாய்ந்தால் ஆளை இறக்கிவிடுவார்கள். அது நல்லதா கெட்டதா என்று முன்பெல்லாம் விவாதிப்பேன். தியலுமவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை மிஞ்சிக் கிடந்த பியர்ப் போத்தல்களைப் பார்த்த பிறகு வனத்துறையின் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறேன்.

கடைசியில் டென்ட் போட்டது ஓடையைவிட நன்றாக உயர்ந்த புல் மேட்டில். அங்கேயும் தம்பி உடனே சம்மதிக்கவில்லை. காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். மேலே சரிவில் நின்ற மரங்கள் நேராக நிற்கின்றனவா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். புல்லுக்குள் எங்காவது புதிதாக ஈரம் ஊறுகிறதா, தரையில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று சுற்றி வந்தார். நிலத்தை இப்படிப் பார்க்க எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, "படிக்கிறதாண்ணே இது? எங்க பக்கத்துல எல்லாரும் பாப்பாங்க" என்றார்.

குடிக்க ஓயாத் தண்ணீர் வேண்டாம். மேலே தோட்டங்கள் இருக்கின்றன. உரமும் மருந்தும் கலந்து வரும். லயத்துப் பக்கமிருந்த பீலியிலிருந்து கேன் நிறையப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருந்தோம். அது மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர். பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், கேனை ஒருமுறை அலம்பி ஊற்றிவிட்டுப் பிடியுங்கள் என்றார். பிடித்து முடித்ததும், ராத்திரி அங்கே படுக்கப் போகிறோமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீடு இல்லாதவர்களைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

சமையல் பெரிதாக ஒன்றுமில்லை. தம்பியின் அம்மா கட்டிக் கொடுத்த தேங்காய்ப்பூ ரொட்டி, கட்டச் சம்பல், கொஞ்சம் நெத்தலிப் பொரியல். அடுப்பு மூட்டியது சாயத்தண்ணிக்கு மட்டும். அதையும் பாறைமேல், புல்லிலிருந்து எட்டிய இடத்தில், ஒரு சின்ன கேஸ் அடுப்பில். சுள்ளி பொறுக்கி நெருப்பு வளர்த்துச் சுற்றி உட்கார்ந்து பாடினால்தான் முகாம் என்று நினைக்கிறவர்கள் பத்தனைப் புல்லை ஆடியிலும் ஆவணியிலும் வந்து பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மலையின் அந்தப் பக்கத்திலேயே இறங்கிவிட, ஈரம் இழந்த காற்று மட்டும் இந்தப் பக்கம் சூடாக இறங்கி வரும். மட்டக்களப்புப் பக்கத்தில் இதைக் கச்சான் என்பார்கள். அந்தக் காற்றில் காய்ந்த மானாப்புல்லுக்கு ஒரு பீடித்துண்டு போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போன இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தது இதுபோலக் காய்ந்த புல் பற்றி எரிந்த தீயில்தான். புல் மலையில் தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது.

சாயத்தண்ணியை நான் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டேன். உலகத்தில் நல்ல தேயிலை விளைகிற மலையில், பால் இல்லாமல், வெல்லம் கடித்துக்கொண்டு குடிக்கிற தேநீர். நல்ல தூள் ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. தோட்டத்து வீட்டுக்கு வருவது கடைசித் தரத் தூள். அதிலும் அந்த ருசி இருந்தது. இதே மலைத்தொடரில், அப்புத்தளைக்கு அந்தப் பக்கம், தம்பேத்தனைத் தோட்டத்தை 1890இல் தாமஸ் லிப்டன் வாங்கினார். அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த உச்சி இன்று சுற்றுலாத் தலம். அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது.

இருட்டியதும் கீழே வெல்லவாயப் பக்கத்து விளக்குகள் எரிந்தன. மேலே, வடக்கே, தோட்டத்துப் பக்கம் சத்தமில்லாமல் மின்னியது. தம்பி எழுந்து டார்ச்சோடு தண்ணீருக்குப் போனார். ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் ஓரத்து வெடிப்பில் செருகினார். அதிலிருந்து ஓரடி மேலே இன்னொன்று. அதற்கும் மேலே மூன்றாவது. முதல் குச்சி முழுகினால் என்னை எழுப்புவதில்லை, இரண்டாவது முழுகினால் எழுப்புவது, மூன்றாவதுக்குக் காத்திருப்பதில்லை. இதுதான் ஏற்பாடு. மேட்டில் படுத்திருக்கிறோம், அப்புறம் எதற்கு இது என்றேன். "தண்ணி நம்மள எடுக்காதுண்ணே. ஆனா அக்கரைக்குப் போற வழிய எடுத்துரும்" என்றார். காலையில் திரும்பும் பாதை ஓடையைத் தாண்டிப் போகிறது என்பதை நான் யோசிக்கவில்லை, அவர் யோசித்திருந்தார்.

எங்களுக்கு ஒரு சொட்டு மழை இல்லை. நடுச்சாமத்துக்கு மேல் ஓடையின் குரல் மாறியது. சலசலப்பு போய், கனமாக, அடித்தொண்டையில் ஓடத் தொடங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. இலைகளும் சுள்ளியும் சேர்ந்து. முதல் குச்சியைக் காணவில்லை. இரண்டாவதின் கழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்ற தண்ணீர், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஏறாமல் நின்றது. விடிவதற்குள் இறங்கியும் விட்டது. நான் முதலில் காட்டிய பாறைத் தட்டு புதிதாகக் கழுவி, பளபளவென்று இருந்தது.

எங்கே படுப்பது என்று பார்த்து, தட்டி, சுற்றி வந்து, பிடிக்காவிட்டால் வேறு இடம் போகிற வசதி ஒரு ராத்திரி வந்துபோகிற எனக்கு இருந்தது. கொஸ்லாந்தைச் சாலையில் மேற்கே கொஞ்சம் போனால் மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29, புதன்கிழமை காலை, பல நாள் மழையில் ஊறியிருந்த மலை சரிந்து அந்தத் தோட்டத்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு அம்மா, அப்பா, வீடு மூன்றும் இல்லை. எத்தனை பேர் புதைந்தார்கள் என்பதில் முதல் நாளிலிருந்தே ஆளுக்கொரு கணக்கு. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை.

அந்த நிலம் ஆபத்தானது என்பது முன்னமே தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே, அங்கே குடியிருக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாமலில்லை: சாய்ந்த மரம், சுவரில் வெடிப்பு, புதிதாக ஊறும் சேற்றுத் தண்ணீர். தம்பி புல் மேட்டில் தேடிய அதே அடையாளங்கள். தெரிந்து என்ன செய்வது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, ஒரே அறை. அதுவும் தங்கள் பேரில் இல்லை. மலை அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளுடையது. கோப்பிக்காக 1823 முதல் இந்தியாவிலிருந்து கூட்டி வந்து, கோப்பி நோயில் அழிந்ததும் தேயிலைக்குத் திருப்பி, 1948இல் குடியுரிமையைப் பறித்து, 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டுத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்ட சனம். அதில் மிஞ்சி நின்றவர்களுக்கு, லயத்தை விட்டுப் பத்து அடி தள்ளி ஒரு குடிசை போடக்கூட யாரையாவது கேட்க வேண்டும். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று சொன்னவர்கள் அந்த இடத்தைக் காட்டவில்லை.

தப்பியவர்களைக் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தங்க வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள்; ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. பிறகு பூனாகலைப் பகுதியில் தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சாவு நடந்த பிறகாவது நடந்ததே என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் 2023 மார்ச்சில் அதே பூனாகலைப் பக்கத்துக் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் சேதமாகி, இன்னொரு கூட்டம் வீட்டை விட்டு வெளியேறியது. மலையகத்தில் எத்தனை லயங்கள் இன்னும் அதே மாதிரிச் சரிவுகளில் இருக்கின்றன என்பது பஸ் சன்னல் வழியாகவே தெரியும்.

இறங்கி வரும்போது தம்பியிடம், உங்கள் லயம் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "மழ ஜாஸ்தியான்னா ஸ்கூலுக்குப் போயிருவோம்ண்ணே. மூட்ட எப்பவும் கட்டித்தான் இருக்கும்" என்றார். மூட்டையில் என்ன என்றதற்கு, அடையாள அட்டைகள், தங்கச்சியின் சான்றிதழ்கள், அம்மாவின் ஒரு ஜதைத் தோடு.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். தண்ணீரும் இருக்கும், பாதையும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பிரதேசம் பிரதேசமாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடுகிறார்கள். பதுளை மாவட்டத்தின் இந்தப் பகுதிகளுக்கு மஞ்சள் வந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மடுவில் சோப்புப் போடாதீர்கள். நெருப்பு வளர்க்காதீர்கள். மீரியபெத்தைக்குப் போய்ப் படம் எடுக்காதீர்கள், அது மயானம். தோட்டத்துப் பையன் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். டென்ட்டை இங்கே போட வேண்டாம் என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள்.